கண்ணாடியைத் தொட்டால் மெதுவாக

ஜூன் 17

லேமினேஷன் கடைக்காரர் இன்றும் கையை விரித்துவிட்டார். பஸ் போர்டு அட்டைகள் நாளைக்குத்தானாம். நாளை என்றால் அவர் கணக்கில் வெள்ளிக்கிழமை.

திருப்பதியில் எங்கள் சிறப்புக் கல்வித் துறையோடு ஒட்டிய மாதிரிப் பள்ளியில் படிக்கும் பிரித்திகாவுக்குப் பதினோரு வயது. அறிவு வளர்ச்சி குறைவு. போன வருடம் முழுக்கப் பாடுபட்டு 'புத்தூர்' பஸ் போர்டை அடையாளம் காணக் கற்றுக்கொண்டாள். இந்த வருடம் 'சித்தூர்'. தெலுங்கில் எழுதினால் இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வேறு. குழந்தைகளைக் குழப்புவதற்கென்றே ஊர்ப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் ஆராய்ச்சி மாணவி தாட்சாயணி அட்டைக்காகக் காத்திருக்கவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மார்க்கரில் எழுதி ஆரம்பித்துவிட்டாள். கதவருகே நின்று பார்த்தேன். முதலில் பிள்ளையின் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். சில நாள் கழித்து விரலால் சுட்டினால் போதும். பிறகு பார்வை மட்டும். பிறகு அதுவும் கிடையாது, ஐந்து விநாடி சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதைத்தான் பி.எட். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடிவதில்லை. இரண்டாவது விநாடியே வாயைத் திறந்து பதிலைச் சொல்லிவிடுவார்கள். தாட்சாயணி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஆராய்ச்சியே இதுதான்: கொடுக்கிற உதவியை எப்போது, எப்படி எடுப்பது. நாங்கள் அந்த உதவியை ப்ராம்ப்ட் என்போம்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். ஏழு வருடம் நான் கைடு. இன்னும் மணிக் கணக்குச் சம்பளத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறாள், முப்பத்து நாலு வயதில்.

ஜூன் 22

சித்தூர் வந்தேன். மாம்பழச் சீசன் என்றால் என் வீட்டுக்காரர் வெங்கடரமணனைப் பார்க்க நான்தான் வர வேண்டும். மாம்பழக் கூழ் ஃபேக்டரி மேனேஜருக்கு ஜூனில் பெண்டாட்டி கிடையாது.

பஸ்ஸில் வரும்போது ஹேமநாத் போன் பண்ணினான். என்னிடம் பி.எச்.டி. முடித்த முதல் மாணவன். சத்தியவேடுக்காரன். இப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். "சும்மாத்தான் மேடம், நல்லா கீறீங்களான்னு கேக்க" என்றான். அவன் நன்றாகத்தான் பேசுகிறான். எனக்குத்தான் அவன் குரல் கேட்டால் சீக்கிரம் போனை வைத்துவிடத் தோன்றுகிறது.

சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் கவுன்சில் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அவனுடையது காலாவதியாகப் போவது எனக்குத் தெரியும். தேதிகூடத் தெரியும். பி.எச்.டி. முடித்தவனுக்கு இதைக்கூட நான் சொல்ல வேண்டுமா, தானாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பேசாமல் இருந்தேன். அவன் பார்த்துக்கொள்ளவில்லை. கர்னூலில் வந்த வேலைக்கு அவன் விண்ணப்பம் முதல் நாளே தள்ளுபடி. அடுத்த விளம்பரம் வருவதற்குள் கல்யாணம், குழந்தை, ஸ்ரீசிட்டி. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஏன்டி காஞ்சனா, சொல்லல?

ஜூலை 3

ஒரே ஓர் இடம். உதவிப் பேராசிரியர், எங்கள் துறையிலேயே. ஒன்பது வருடத்துக்குப் பிறகு.

துறைத் தலைவர் நாகபூஷணம் சார் கூப்பிட்டுக் காட்டினார். "காஞ்சனா காரு, உங்க பொண்ணு போடுவா இல்ல? அப்ப நீங்க தேர்வுக் குழுவுல இருக்க முடியாது" என்றார். உங்க பொண்ணு. பெற்ற மகள் மாதிரி என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். மாணவி என்பதே பெரிய உறவுதான், அதற்கு மேல் பொட்டு வைக்க வேண்டாம்.

தாட்சாயணி விளம்பரத்தை இரண்டு தடவை படித்தாள். "மேடம், இது வந்துச்சின்னா அண்ணன இங்க இட்டுக்கினு வந்துடுவேன்" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

அவள் அண்ணன் முனிகிருஷ்ணனுக்கு முப்பத்தெட்டு வயது. பிரித்திகா போலத்தான். வரதய்யபாளையத்தில் வீட்டில் இருக்கிறான். எங்கள் மாதிரிப் பள்ளியில் பெரியவர்களுக்குத் தொழில் பிரிவு இருக்கிறது, பேப்பர் கவர், மெழுகுவத்தி. தங்க இடம் கிடையாது. வீட்டார் திருப்பதியில் இருந்தால்தான் சேர்க்க முடியும். மணிக் கணக்குச் சம்பளத்தில் அவளே லேடீஸ் ஹாஸ்டலில் மூன்று பேரோடு இருக்கிறாள்.

ஜூலை 5

விண்ணப்பத்தை வரிக்கு வரி நானே பார்த்தேன். கவுன்சில் பதிவு நவம்பர் வரை இருக்கிறது. இருந்தாலும் இப்போதே புதுப்பிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து செய்யவைத்தேன்.

ஜூலை 16

மாதிரி நேர்காணல் ஆரம்பம். வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணிக்கு மேல், என் அறையில். நோட்டில் நூற்றுப் பன்னிரண்டு கேள்வி எழுதியிருக்கிறேன், பதிலோடு.

அவளுக்கு எல்லாம் தெரியும். வாய்தான் பிரச்சினை. பயந்தால் ரயில் மாதிரி ஓடுகிறாள், தெலுங்கு ஆங்கிலம் தமிழ் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை போனதுதான் மிச்சம். கடைசியில் ஒரு ஏற்பாடு. நான் கண்ணாடியைத் தொட்டால் மெதுவாகப் பேச வேண்டும். பேனாவைக் கீழே வைத்தால் நிறுத்த வேண்டும். தலையை ஆட்டினால் சரி, அப்படியே போ.

பத்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரே பெருமை.

ஜூலை 30

கண்ணாடியை இன்று நான்கு தடவைதான் தொட்டேன்.

ஆகஸ்ட் 21

தாட்சாயணியின் வைவா முடிந்தது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வெளியூர்த் தேர்வாளர் "தெளிவாப் பேசறாங்க, அவசரமே இல்ல" என்று என்னிடம் சொன்னார். டாக்டர் தாட்சாயணி. டிபார்ட்மெண்டில் எல்லோருக்கும் பால்கோவா.

ஆகஸ்ட் 24

நேர்காணலுக்கு என்ன புடவை என்று கேட்டு மூன்று போட்டோ அனுப்பியிருந்தாள். பச்சை என்று போட்டேன். வெங்கடரமணன் எட்டிப் பார்த்து, "சோறு பிசைஞ்சு ஊட்டறதும் உண்டா, இல்ல அது மட்டும் அவங்களே துன்னுக்குவாங்களா?" என்றார். மனிதருக்கு வாய் அதிகம்.

ஆனால் யோசித்தேன். ஹேமநாத்துக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டு என்ன ஆனது? கிண்டல் பண்ணுகிறவர்கள் பண்ணட்டும்.

செப்டம்பர் 15

வரதய்யபாளையம் போய் வந்தேன். தாட்சாயணி வீட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நிலக்கடலை காயப்போட்டிருந்தார்கள். முனிகிருஷ்ணன் சொத்தைக் கடலையைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். சுத்தமான வேலை, ஒன்றுகூடத் தப்பவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "தாட்சா மேடமா?" என்றான். தங்கை சொல்லிவைத்திருக்கிறாள். ஆமாம் என்றதும் ஒரு கைப்பிடி கடலையை என் பையிலேயே போட்டான்.

அவள் அப்பா வரதராஜன் அதிகம் பேசாதவர். சாப்பிட்டு எழுந்த பிறகு சொன்னார்: "எங்களுக்கும் வயசாயிக்கினே போவுது. இவன யாரு பாப்பாங்கன்றதுதாம்மா. வேல வந்துட்டா தங்கச்சி கிட்டயே இருந்துக்குவான். நீங்க கீறீங்கன்ற தைரியம்தான்."

அவள் அம்மா செங்கம்மா உள்ளேயிருந்து, "மேடம் சொன்னா அது தண்ணியக்கூடக் கேட்டுத்தான் குடிக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அக்டோபர் 17

நாளை. நோட்டு முழுவதையும் ஒரு சுற்று முடித்தோம். நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

அக்டோபர் 18

எழுதியாக வேண்டும். எழுதினால்தான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியும்.

ஆறு பேர் வந்திருந்தார்கள். முதலில் மாதிரிப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்குப் பத்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டும். அந்த அறையிலேயே பிறகு கேள்வி. குழுவில் நான்கு பேர், அதில் ஹைதராபாத்திலிருந்து வந்த பத்மாவதி மேடம்தான் பாட நிபுணர். வயதானவர், மெல்லிய குரல்.

நான் குழுவில் இல்லை. ஆனால் பள்ளிப் பொறுப்பாளர் என்று பின்பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டேன். காலையில் நாகபூஷணம் சார், "நீங்க இருக்கணுமா, கிருஷ்ணம்மா டீச்சர் பார்த்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். நான் இல்லாவிட்டால் பிள்ளைகள் அழும் சார் என்றேன். பொய். ஒரு பிள்ளையும் அழாது.

தாட்சாயணி மூன்றாவது. பச்சைப் புடவை. பிரித்திகா முன்னால் மூன்று அட்டைகள். "சித்தூர் பஸ் எது?" என்று கேட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பிரித்திகாவின் விரல் நேராகப் புத்தூர் அட்டைக்குப் போனது. தாட்சாயணி அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. விரல் நின்றது. திரும்பியது. சித்தூர் அட்டையைத் தொட்டது. குழுவில் ஒருவர் கை தட்டவே செய்தார். இதற்கு முன்னால் பாடம் எடுத்த இரண்டு பேரும் பிள்ளை திணறியதும் பதிலைச் சொல்லிவிட்டவர்கள். வேலை அவளுக்குத்தான் என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

பத்மாவதி மேடம் தெலுங்கில் கேட்டார்: "விரல் தப்பான அட்டைக்குப் போச்சே, ஏன் தடுக்கலை?"

அவள் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க இதற்குப் பதில்தான். வாயைத் திறந்தாள். திறந்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் தலையை ஆட்டினேன்.

தலையைக் குனிந்திருக்கலாம். ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்திருக்கலாம். ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் பதில் சொன்னாள், நல்ல பதில். அடுத்த கேள்வி. மறுபடியும் என்னைப் பார்த்தாள். கொஞ்சம் வேகமாகப் பேச ஆரம்பித்தாள், என் கை அது பாட்டுக்குக் கண்ணாடிக்குப் போயிற்று. உடனே அவள் மெதுவாகப் பேசினாள்.

பத்மாவதி மேடம் பேனாவை மூடிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம் கேட்டார், கோபமாக இல்லை, அன்பாகவே கேட்டார்: "அந்தப் பிள்ளைகிட்டேருந்து உதவியை எவ்வளவு அழகா எடுத்தீங்க. உங்ககிட்டேருந்து யாரும் எடுக்கலையாம்மா?" என்னிடம், "மேடம், தப்பா நினைக்காதீங்க. கொஞ்ச நேரம் வெளியில இருங்க" என்றார்.

வராந்தாவில் தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. உங்க ஆய்வோட குறைபாடுகள் என்ன? சத்தமில்லை. நோட்டில் நாற்பத்து மூன்றாவது கேள்வி அது. சொல்லு தாட்சா, மாதிரி அளவு, ஒரே மாவட்டம், சொல்லு, சொல்லேன். சத்தமில்லை. கடைசியாக, சரிம்மா, இந்தத் துறைக்கு ஏன் வந்தீங்க, அதையாவது சொல்லுங்க என்றார். அந்தக் கேள்வியை நான் நோட்டில் எழுதவே இல்லை. எழுதத் தேவை இல்லை. எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்று சொன்னால் போதும். அதுகூட வரவில்லை.

வெளியே வந்தாள். அழவில்லை. என்னை வெளியே அனுப்பியது காதிலேயே விழாதவள் போல, வெகுளியாகக் கேட்டாள்: "எங்க போயிட்டீங்க மேடம்?"

அக்டோபர் 19

வேலை சுரேஷ்பாபு என்பவருக்கு. கர்னூல்காரர்.

நாகபூஷணம் சார் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். தாட்சாயணி தாளில் பத்மாவதி மேடம் இரண்டே வார்த்தை எழுதியிருக்கிறாராம். ப்ராம்ப்ட் டிபென்டன்ட். யாராவது கையைத் தொட்டால்தான் அசைகிற குழந்தைகளைப் பற்றி நாங்கள் கேஸ் ஃபைலில் எழுதுவது அது. அது குழந்தையின் குறை இல்லை, கற்பித்தவரின் குறை என்று முதல் வருட வகுப்பில் போர்டில் எழுதிப் போடுவேன். இருபது வருடமாக எழுதிப் போடுகிறேன்.

அக்டோபர் 20

சித்தூர். வீட்டுக்காரர் கிண்டல் எதுவும் பண்ணவில்லை. தோசை வார்த்துக் கொடுத்தார். சாப்பிடும்போது அழுதேன்.

அக்டோபர் 28

தாட்சாயணி வந்தாள். நோட்டும் பேனாவுமாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள், எப்போதும் போல.

"அடுத்து இன்னா பண்ணட்டும் மேடம்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உங்களாலதான் போச்சு என்று ஒரு வார்த்தை. இல்லை. பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். ஏழு வருடத்தில் ஒரு நல்ல ஆசிரியையை இப்படி ஆக்கிவைத்திருக்கிறேன்.

"நீயே யோசி" என்றேன்.

"எதப் பத்தி மேடம்?"

நான் பேசவில்லை. ஐந்து விநாடி இல்லை, ஐந்து நிமிடம் இருக்கும். அவள் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டாள். இனி நான் ஒன்றும் சொல்லக் கூடாது. முடிவு பண்ணிவிட்டேன். உதவியை எடுத்தாக வேண்டும். அவளுக்காகத்தான்.

நவம்பர் 6

மூன்று தடவை போன். எடுக்கவில்லை.

நவம்பர் 9

வாட்ஸ்அப்பில் ஒரு பள்ளி விளம்பரம் அனுப்பி, போடலாமா மேடம் என்று கேட்டிருந்தாள். பதில் எழுதவில்லை. போன் என் மேஜை மேலேயே இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு மட்டும் சுலபமாகவா இருக்கிறது?

நவம்பர் 22

படிக்கட்டில் வழிமறித்தாள். "எம்மேல கோவமா மேடம்? நான் தப்புப் பண்ணிட்டேன். இன்னொரு தபா சான்ஸ் வந்துச்சின்னா உங்களப் பாக்காமயே சொல்லிடறேன். ஏன் பேச மாட்டேன்றீங்க?"

கோபமில்லை என்று சொல்லலாமா? சொன்னால் அதையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். "வகுப்புக்கு நேரமாச்சு" என்று மேலே ஏறிவிட்டேன்.

வகுப்பு இல்லை எனக்கு.

டிசம்பர் 2

இந்தப் பருவத்துக்கு மணிக் கணக்குப் பாடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். ஹாஸ்டலைக் காலி பண்ணிவிட்டாளாம். நாகபூஷணம் சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டிசம்பர் 14

ஹேமநாத் வந்தான். மலைக்குப் போய் மகனுக்கு மொட்டை போட்டுவிட்டுக் கீழே இறங்கியதும் நேராக என் வீட்டுக்கு. லட்டு கொடுத்தான். பெண்டாட்டி பிள்ளையை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு அவன் மட்டும் மறுபடி உள்ளே வந்தான்.

"தாட்சாயணிய சத்தியவேடுல பார்த்தேன் மேடம். ஆளு பாதியாயிட்டிருக்குது. மேடம் என்ன வெறுத்துட்டாங்கன்னு சொல்லுது."

வெறுக்கவில்லை, அவள் சொந்தமாக நிற்கட்டும் என்றுதான் எடுத்தேன் என்று சொன்னேன். நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரே நாள்லயா மேடம்?"

லட்டுப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தேன்.

"படிப்படியாத்தான் எடுக்கணும், மொத்தமா எடுத்தா பிள்ள தண்டனைன்னு நெனச்சுக்கும். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. அத எழுதலன்னு எனக்கு மார்க் கொறச்சீங்க." சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தான். முடியவில்லை. "எனக்கு ஒண்ணுமே குடுக்கல. அதுக்கு எல்லாத்தையும் குடுத்தீங்க, ஒரே நாள்ல மொத்தமும் புடுங்கினீங்க. நாங்க ரெண்டு பேரு போதும் மேடம், இன்னொருத்தரு வேணாம்."

வெளியே அவன் மகன் அழ ஆரம்பித்தான். போய்விட்டான். மூன்று வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டு எப்படி நல்லா கீறீங்களா என்று போன் பண்ணினான்?

டிசம்பர் 15

கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் கூப்பிட்டேன். ஒன்பது தடவை.

டிசம்பர் 21

வரதய்யபாளையம் போனேன். தாட்சாயணி இல்லை, சத்தியவேட்டில் ஒரு பள்ளியில் வேலையாம், வர ஏழு மணி ஆகும் என்றார்கள். இருக்கிறேன் என்றேன். செங்கம்மா முந்தானையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா. அது வர்ற நேரத்துல நீங்க இருக்க வேணாம்" என்றார். "உங்க பேச்சே எடுக்கறதில்ல. எடுத்தா ரெண்டு நாளைக்கு சோறு துன்றதில்ல."

முனிகிருஷ்ணன் வாசல்வரை வந்தான். ஒரு பையில் துணி மடித்து வைத்திருந்தான். திருப்பதி எப்போ என்று கேட்டான். அக்டோபரிலிருந்து தினமும் அந்தப் பையை மடித்து வைக்கிறானாம்.

பஸ்ஸில் வரும்போது மொத்தமாக உடைந்துபோனேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, யாராவது தவறிட்டாங்களா என்று கேட்டார்.

ஜனவரி 5

கடிதம் எழுதினேன், இரண்டு பக்கம். தப்பு என்னுடையது, கோபம் ஒருபோதும் இல்லை, நான் தலையை ஆட்டியது, நான் பேசாமல் இருந்தது, எல்லாம். தபாலில் போட்டேன்.

பிப்ரவரி 11

பதில் இல்லை.

மார்ச் 4

சுரேஷ்பாபு கெட்டவராக இருந்தாலாவது பரவாயில்லை. நல்ல மனிதர். பிள்ளைகளோடு தரையில் உட்காருகிறார். இன்று கையில் தாட்சாயணியின் ஆய்வேட்டோடு என் அறைக்கு வந்தார். நான்காம் அத்தியாயத்தை எம்.எட். பிள்ளைகளுக்கு அப்படியே எடுக்கப் போகிறாராம். "இவ்வளவு தெளிவா யாரும் எழுதிப் பார்த்ததில்லை மேடம். இவங்க இப்ப எந்த யூனிவர்சிட்டியில இருக்காங்க?"

சத்தியவேட்டில் என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 19

எனக்கு இரண்டு புதிய ஆராய்ச்சி மாணவர்களை ஒதுக்கியிருந்தார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நாகபூஷணம் சார் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூலை 9

பதினொன்றரை மணிக்கு தாட்சாயணி வந்தாள்.

மெலிந்திருக்கிறாள். முடியை இழுத்துக் கட்டியிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள், அது புதிது. கதவில் நின்று, "நமஸ்தே மேடம். பாகுன்னாரா?" என்று தெலுங்கில் நலம் கேட்டாள்.

விளையாட்டுக்கு என்று நினைத்தேன். "வாடி, உள்ள வா, எவ்ளோ நாளாச்சு" என்றேன். வந்தாள். கதவைச் சாத்தினாள், உட்காரவில்லை. தெலுங்கிலேயே சொன்னாள்: கர்நாடகாவில் ஒரு பல்கலைக்கழகம், சிறப்புக் கல்வித் துறை, உதவிப் பேராசிரியர், நிரந்தர வேலை. இருபத்து மூன்று பேரில் ஒருத்தி. திங்கட்கிழமை சேர வேண்டும். இங்கே பாடம் எடுத்த வருடங்களுக்கான அனுபவச் சான்றிதழில் கைடு கையெழுத்து வேண்டும்.

அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எழுந்தேவிட்டேன். அவள் ஃபைலை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

"யாரு தயார் பண்ணாங்க உன்ன?" கேட்டிருக்கவே கூடாது. கேட்டுவிட்டேன்.

"எவரூ லேரு மேடம்." யாருமில்லை.

ஏழு வருடம். வகுப்பில், ஆபீஸில், மற்றவர் முன்னால் எங்களுக்குத் தெலுங்குதான். கதவைச் சாத்தினால் தமிழ். நான் நாகலாபுரம், அவள் வரதய்யபாளையம், அந்த 'இன்னா மேடம்' இந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும் கிடைத்த ஒன்று. இன்று கதவு சாத்தித்தான் இருந்தது. நான் தமிழில் கேட்கக் கேட்க அவள் தெலுங்கில் பதில் சொன்னாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளி வாசலில் நிற்கும் ஒரு பிள்ளையின் பெற்றோரிடம் பேசுவது போலப் பேசினாள்.

கடிதம் கிடைத்ததா என்றேன். கிடைத்தது என்றாள்.

"முனிகிருஷ்ணன இட்டுக்கினு போறியா?"

அப்போதுதான் முதல் தடவையாகக் குரல் தடுமாறியது. "அன்னய்யகி அக்கடி பாஷ ராது மேடம்." அண்ணனுக்கு அந்த ஊர் மொழி வராது. ஒரு வருடம் அங்கே பழகிப் பார்க்கிறாளாம். அதுவரை அவன் அப்பா அம்மாவோடு இருக்கட்டும்.

"என் வீட்டுல வுடு தாட்சா. நான் இங்கதான கீறேன். தொழில் பிரிவுல சேர்த்துடறேன், காலையில இட்டுக்கினு வந்து சாயங்காலம் இட்டுக்கினு போறேன். அவருகிட்டயும் கேட்டுட்டேன்." கேட்கவில்லை. ஆனால் வெங்கடரமணன் மறுக்க மாட்டார். "அவனுக்குப் பழக்கமான பாஷ, பக்கத்துல அப்பா அம்மா. நீ லீவுல வந்து பாத்துக்க. இத மட்டும் எனக்குக் குடு."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு யோசித்தாள், தானாக, நிதானமாக. எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம்.

"வத்து மேடம்" என்றாள். வேண்டாம். "மேமே சூசுகுண்டாமு." நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

ஃபைலைத் திறந்து மேஜைமேல் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். போட்டேன். தேதி போட மறந்துவிட்டேன், அதையும் காட்டினாள். போட்டேன். எடுத்துக்கொண்டு கும்பிட்டாள்.

"ஜாக்ரத்தம்மா" என்றேன். நானும் தெலுங்கிலேயே சொன்னேன்.